ரம்ப மேசைக்கு ஓர் ஆப்புத் தகடும் ஏழு விநாடி பிரேக்கும்

நேற்று மாலை கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிவப்புக் குமிழை அழுத்தினேன். ஏழாவது விநாடியில் 12 அங்குல பிளேடு நின்றுவிட்டது. பத்து முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். பத்து முறையும் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் நின்றது. புரட்டாசியில் இதே பிளேடு தானாகச் சுற்றி ஓய்வதற்கு 27 விநாடி ஆனது. ஐந்து மாதமாக விட்டுவிட்டுச் செய்த வேலை முடிந்தது என்று சொல்லும் தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது.

எங்கள் பட்டறை செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான், அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருக்கும் மூத்த ஆசாரி, இரண்டு இளைஞர்கள், ஆக நான்கு பேர். நிலை, கதவு, ஜன்னல், கட்டில் என்று வருகிற வேலைகளைச் செய்கிறோம். ரம்ப மேசை 14 வருடத்துக்கு முன் உள்ளூரில் சொல்லிச் செய்தது. ஆங்கிள் இரும்பில் உடல், மேலே வார்ப்பிரும்புத் தளம், கீழே 2 எச்.பி. மும்முனை மோட்டார், ஒரு வி-பெல்ட். பிளேடு மாட்டும் தண்டு அசையாது. கைச்சக்கரத்தைத் திருப்பினால் தளம்தான் ஏறி இறங்கும். பிளேடுக்கு மேல் மூடி கிடையாது. பின்னால் எதுவும் கிடையாது. நிறுத்துவதற்குத் தளத்துக்கு அடியில் ஒரு திருகு சுவிட்ச். இந்த வட்டாரத்தில் நான் பார்த்த பெரும்பாலான மேசைகள் இப்படித்தான் இருக்கின்றன.

புரட்டாசியில் இளையவன் வேங்கைப் பலகை ஒன்றை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தான். நான்கு அடி நீளம், ஒன்றரை அங்குல ரீப்பர் எடுக்க வேண்டும். பலகை நன்றாகக் காயவில்லை. பாதி அறுத்ததும் வெட்டு வாய் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வியது. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. அவை கட்டையைத் தூக்கி முன்னால் எறிந்தன. பலகை அவன் அடிவயிற்றில் இடித்தது. அதன்மேல் ஊன்றியிருந்த இடது கை பிடிமானம் இழந்து பிளேடின் மேல் விழுந்தது. ஆள்காட்டி விரல் நகம் வரைக்கும் பிளந்து எட்டுத் தையல். விரல் மிஞ்சியது. ஆறு வாரம் அவனால் உளி பிடிக்க முடியவில்லை.

நான் பத்தடி தள்ளி இழைத்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் அவனை இழுத்துவிட்டு, குனிந்து சுவிட்சைத் தேடித் திருகியபிறகும் பிளேடு எங்கள் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே அவன் கையில் துணி சுற்றினேன். மறுநாள் மேசையைத் தொடவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பிளேடின் விட்டம் 305 மி.மீ., நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,880 சுற்று. பல்லின் நுனி விநாடிக்கு 46 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 165 கி.மீ. பல் பிடித்த கட்டை கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் புறப்படும். 14 வருடம் அதன் நேர் எதிரே நின்றுகொண்டு வேலை செய்திருக்கிறோம்.

முதலில் நான் போன வழி தவறு. விரல் பட்டதும் நிற்கும் ரம்பங்களைப் பற்றிப் பலரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஸ்டீவ் கேஸ் என்பவர் 1999இல் கண்டுபிடித்தது. பிளேடில் ஒரு சிறு மின்சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். உடம்பு பட்டதும் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லிவிநாடிக்குள் நிறுத்திவிடும். கை விநாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் வந்தால்கூட அந்த நேரத்துக்குள் ஒன்றரை மி.மீ. தான் உள்ளே போகும். அதையே சிறிய அளவில் செய்துவிடலாம் என்று மூன்று வாரம் தாளில் வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் மேசையில் தண்டும் பேரிங்கும் உடலும் ஒரே இரும்பு. சமிக்ஞை ஓடவேண்டுமென்றால் தண்டையே மின்காப்போடு புதிதாகச் செய்ய வேண்டும். ஈர மரம் பட்டாலும் சமிக்ஞை மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் கையால் பற்றவைத்த ஒரு சர்க்யூட்டை நம்பி ஒருவன் விரலை வைத்தால், அது நூறில் ஒருமுறை தவறினாலும் பொறுப்பு என்னுடையது. அதை விட்டேன். எங்கள் விபத்துக்குக் காரணம் பலகை உதைத்தது. உதைப்பை நிறுத்தினால் கை பிளேடுக்குப் போகவே தேவையில்லை. இந்த ஒரு வரிக்கு வந்து சேர மூன்று வாரம் ஆனது.

ஆப்புத் தகடு

உதைப்பைத் தடுக்கும் பொருள் மிக எளியது. பிளேடுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில் நிற்கும் ஓர் இரும்புத் தகடு. அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் அது விரித்துப் பிடிக்கும். மூத்த ஆசாரியிடம் வரைந்து காட்டினேன். “இது ஆப்புதானே தம்பி” என்றார். இருவர் நின்று பெருவாள் இழுத்த காலத்தில், வாள் சிக்காமல் இருக்க அறுத்த வாயில் ஆப்பு அடித்துக்கொண்டே போவார்களாம். அவர் சின்னப் பையனாக ஆப்பு எடுத்துக்கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அதற்கு ஆப்புத் தகடு என்றே பெயர்.

தடிமன்தான் இதில் உயிர்நாடி. எங்கள் பிளேடில் கார்பைடு பல்லின் அகலம் 3.2 மி.மீ., பல்லைத் தாங்கும் வட்டத் தட்டின் தடிமன் 2.2. ஆப்புத் தகடு தட்டைவிடத் தடிமனாகவும் பல்லைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும். தட்டைவிட மெலிந்தால் வாய் மூடுவதைத் தடுக்காது; பல்லைவிடத் தடித்தால் கட்டை அதைத் தாண்டிப் போகாது. 12 கேஜ் தகடு 2.64 மி.மீ. நடுவில் சரியாக விழுகிறது. வில் வடிவத்தை அட்டையில் வரைந்து, 350 ரூபாய்க்கு மென்னிரும்பில் வெட்டி வாங்கினேன்.

எங்கள் உள்ளூர் மேசையின் ஒரு நல்ல குணம் அப்போதுதான் தெரிந்தது. வெளிநாட்டு மேசைகளில் பிளேடு ஏறி இறங்கும்; அதோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி தகட்டுக்கும் ஓர் அமைப்பு வேண்டும். எங்களுடையதில் தண்டு அசைவதே இல்லை. பேரிங் பெட்டியின் பின்பக்கம் 10 மி.மீ. பட்டை ஒன்றைப் பற்றவைத்து, இரண்டு போல்ட்டில் தகட்டைப் பிடித்துவிட்டால் போதும். தளம் எங்கே நின்றாலும் பிளேடுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. 3 முதல் 8 மி.மீ. வரை இருக்கலாம், நான் 5 வைத்தேன். தகட்டின் தலை பிளேடின் உச்சிக்கு 2 மி.மீ. கீழே. அப்படி வைத்தால் முழுவதும் அறுக்காமல் பள்ளம் மட்டும் எடுக்கும் வேலைக்கும் அதைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்ற வேண்டிய பொருளைக் கழற்றியவன் திரும்ப மாட்டமாட்டான் என்பதை அனுபவத்தில் அறிவேன்.

அந்த முதல் தகடு ஒன்பது நாள் இருந்தது. ஒரு நிலைச்சட்டம் பக்கவாட்டில் சரிந்து இடித்ததும் ஒன்றரை மி.மீ. வளைந்துவிட்டது. தட்டி நிமிர்த்தினேன், மறுபடியும் வளைந்தது. மென்னிரும்பு இதற்கு ஆகாது. பழைய இரும்புக் கடையில் பல் போன 14 அங்குல பிளேடு ஒன்று 120 ரூபாய்க்குக் கிடைத்தது. தட்டு 2.5 மி.மீ., நல்ல எஃகு. அட்டையை அதன்மேல் வைத்து வரைந்து, ஆங்கிள் கிரைண்டரில் 1 மி.மீ. வெட்டுத்தட்டு போட்டு வெட்டினேன். மூன்று தட்டு தேய்ந்தது. சாதாரண துளையூசி அதன்மேல் வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் துளைக்குப் பதிலாக 30 மி.மீ. நீளத்தில் திறந்த பள்ளமாக கிரைண்டராலேயே எடுத்துவிட்டேன். பிளேடு தேய்ந்து சிறிதானால் தகட்டை முன்னால் நகர்த்த அந்தப் பள்ளம் உதவுகிறது. கிரைண்டர் வேலையைத் தெருப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தூள் கிடக்கும் இடத்தில் ஒரு பொறி போதும்.

பிளேடின் தட்டோடு எஃகு அளவுகோலைச் சாய்த்து, இருபக்கமும் தகடு 0.15 மி.மீ. வெளியே நிற்கும்படி பொருத்தினேன். மெல்லிய திணிப்புக்குக் குளிர்பான டப்பாவின் அலுமினியத்தை வெட்டிக்கொண்டேன், ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும்.

அடுத்த தவறு இங்கே நடந்தது. புதுத் தகட்டோடு அறுத்தால் கட்டை இறுகி இறுகிப் போனது. வெட்டு முகம் கருகியது. தகடு தடிமன் என்று முடிவு செய்து, அரை நாள் தேய்த்து 2.4க்குக் கொண்டுவந்தேன். அப்போதும் கருகியது. கட்டையை ஒட்டித் தள்ளுவதற்காகப் பிளேடுக்கு இணையாக நிற்கும் சட்டத்தைக் கைடு என்போம். ‘கைடு சரியாக இருக்கிறதா?’ என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. காந்த அடியோடு, நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் ஒரு டயல் கேஜ் 1,700 ரூபாய்க்கு வாங்கினேன். பிளேடில் ஒரு பல்லுக்குப் பேனாவால் குறி வைத்து, அதே பல்லை முன்னாலும் பின்னாலும் கொண்டுவந்து அளந்தேன். பிளேடு சரி. கைடுதான் பின்முனையில் 0.9 மி.மீ. பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தது. முன்முனையில் மட்டும் திருகிப் பிடிக்கும் கைடு அது. பின்முனை தன் போக்கில் நகரும். வருடக்கணக்காக ஒவ்வொரு கட்டையையும் பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். இளையவனை இடித்த பலகைக்கும் இது காரணமாக இருந்திருக்கும். பின்முனைக்கும் ஒரு பிடிதிருகு வைத்து, பின்னால் 0.2 மி.மீ. விலகி நிற்கும்படி செய்தேன். கருகல் அன்றோடு நின்றது. முதல் நாளே, ஒரு பைசா செலவில்லாமல், ஓர் அளவுகோலை வைத்தாவது பார்த்திருக்க வேண்டிய வேலை.

கைடின் மேல் இன்னொரு மாற்றமும் செய்தேன். 18 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை அதில் முடுக்கி, பிளேடின் நடுப்பகுதியோடு அதை நிறுத்திவிட்டேன். அறுபட்ட துண்டு அதைத் தாண்டியதும் விலகிக்கொள்ள இடம் கிடைக்கிறது. முறுக்கு ஏறிய நாட்டு மரங்களுக்கு இது பெரிய நிம்மதி.

அதன்பின் சோதனை. உதைத்த அந்த வேங்கைப் பலகையின் மிச்சத்தை எடுத்து வைத்திருந்தேன். நேர் எதிரே நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்று, தள்ளுகட்டையால் தள்ளினேன். ஒன்றரை அடி போனதும் வாய் மூடத் தொடங்கியது கண்ணுக்கே தெரிந்தது. தகட்டைக் கவ்விப் பிடித்தது. மேற்கொண்டு தள்ள முடியவில்லை. ஆனால் பலகை எழவில்லை, நடுங்கக்கூட இல்லை. நிறுத்திவிட்டு, வாயில் ஒரு மர ஆப்பைச் செருகி மீதியை அறுத்தோம். மூத்த ஆசாரி அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் அடுத்த பலகையை எடுத்துவந்தார்.

சுவிட்ச்

பழைய திருகு சுவிட்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மின்சாரம் போனபோது அணைக்க மறந்தால், திரும்ப வரும்போது ரம்பம் தானே ஓடத் தொடங்கும். ஒருமுறை மூத்த ஆசாரி பிளேடு மாற்ற நட்டில் ஸ்பானர் வைத்திருந்தபோது அப்படி நடந்தது. ஸ்பானர் கூரையில் போய்ப் பட்டது. அதற்குப் பிறகும் நாங்கள் அதை மாற்றவில்லை என்பதை இங்கே எழுதவே வேண்டும்.

தண்ணீர் மோட்டாருக்குப் போடும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் இதற்குப் போதும். அதன் காயிலில் மின்சாரம் இல்லாவிட்டால், கான்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்ச் விட்டுவிடும்; மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் பிடிக்கும். மோட்டாரின் மின்னோட்டம் 3.4 ஆம்பியர் என்பதால் 2.5 முதல் 4 வரை சரிசெய்யும் ஓவர்லோடு ரிலே உள்ளதாக வாங்கினேன்; 2,150 ரூபாய். காயிலுக்குப் போகும் கம்பியில் தொடராக ஒரு காளான் குமிழ் சுவிட்ச், 240 ரூபாய். அந்தக் குமிழைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதைவிடத் தொடைக்கு எட்டும் இடத்தில் வைப்பது நல்லது. இரண்டு கையும் பலகையில் இருக்கும்போதுதான் ஆபத்து வரும். தளத்தின் முன்விளிம்புக்குக் கீழே ஒரு பட்டையைக் கீலில் தொங்கவிட்டேன். தொடையால் இடித்தால் பட்டை குமிழை அழுத்தும். வயரிங்கை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்தார். கூலி 800, கம்பி முதலியவை 380.

பிரேக்

அறுத்து முடித்து நிறுத்தியபிறகு, பிளேடு ஓய்வதற்குள் சிறு துண்டை எடுக்கக் கை போகும். எல்லோருக்கும் போகும். 27 விநாடி காத்து நிற்கிற பொறுமை வேலை நேரத்தில் யாருக்கும் கிடையாது. ஐரோப்பியத் தர விதிகள் 10 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்கின்றன. அதையே இலக்காக வைத்துக்கொண்டேன்.

வழி இதுதான்: மோட்டாருக்கு வரும் ஏ.சி.யை நிறுத்தியதும், அதன் இரண்டு முனைகளில் சில விநாடி குறைந்த வோல்ட் டி.சி. கொடுத்தால், உள்ளே அசையாத காந்தப்புலம் உண்டாகி ரோட்டரைப் பிடித்து நிறுத்தும். வீட்டில் கிடந்த பழைய யு.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோடு ஆரம்பித்தேன். 27 விநாடி 22 ஆனது. மல்டிமீட்டரை வைத்து மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தால் 8.8 ஓம். 12 வோல்ட்டில் ஒன்றேகால் ஆம்பியர்கூடத் தாண்டாது. இந்த அளவை முதலில் எடுத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும். மோட்டாரின் மின்னோட்டத்தைப்போல ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மடங்கு டி.சி. வேண்டும், அதாவது நான்கிலிருந்து ஐந்து ஆம்பியர்.

காயில் கட்டுபவரிடம் 48 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டேன். “எதற்கும் 36, 40இலும் ஒரு முனை எடுத்துவிடுகிறேன்” என்றார். 1,900 ரூபாய். அந்த ஒரு யோசனைதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் 25 ஆம்பியர், 110 ரூபாய். டி.சி.க்குத் தனியாக ஒரு கான்டாக்டர் 950, டைமர் ரிலே 850, ஃபியூஸ் 100.

முதல் முறை அழுத்தியதும் ரெக்டிஃபையர் வெடித்தது. ஏ.சி.யை நிறுத்திய கணத்தில் மோட்டாருக்குள் காந்தம் முழுவதும் வடிந்திருக்காது. அது இன்னும் சற்று நேரம் தானே வோல்ட் உண்டாக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் டி.சி.யை இணைத்துவிட்டேன். டைமரில் அரை விநாடி தாமதம் வைத்ததும் சரியானது. இரண்டு கான்டாக்டர்களும் ஒருபோதும் ஒன்றாகப் பிடிக்காதபடி, ஒன்றின் துணை முனை மற்றதன் காயிலைத் தடுக்கும் வகையில் குறுக்குப் பூட்டும் போட வேண்டும். இதை விட்டுவிட்டு யாரும் முயல வேண்டாம், ஏ.சி. நேரே டிரான்ஸ்ஃபார்மருக்குள் பாயும்.

48 வோல்ட்டில் ஐந்து விநாடியில் நின்றது. பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டு வந்து பார்த்தார்கள். நானும் மகிழ்ந்துபோய் அன்று மாலை இதை எழுதத் தொடங்கினேன். நல்லவேளையாக எழுதி முடிக்கவில்லை. தண்டு நட்டின் மேலும், பிளேடை இருபக்கமும் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சின் மேலும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். பதினோரு முறை நிறுத்தியபிறகு பார்த்தால் கோடு இரண்டு மி.மீ. பிரிந்திருந்தது. ரம்பத்தின் நட்டு ஓடும்போது இறுகும் திசையில்தான் மரை போட்டிருக்கும். திடீரென்று பிடித்து நிறுத்தினால் கனமான பிளேடு முன்னால் போகப் பார்க்கும், நட்டை அவிழ்க்கும். ஓடுகிற பிளேடு தண்டிலிருந்து கழன்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புக்காகச் செய்தது அதைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவந்திருக்கும்.

மூன்று வாரம் பிரேக்கைத் துண்டித்து வைத்தேன். லேத்துப் பட்டறையில் உள் ஃபிளாஞ்சைத் தண்டோடு சாவி எனப்படும் சிறு இரும்புத் துண்டு வைத்துப் பூட்டி, பிளேடைப் பிடிக்க அதில் ஒரு முளையும், முளைக்கு நேராக வெளி ஃபிளாஞ்சில் துளையும் எடுத்தோம். பிளேடின் இழுப்பு இப்போது நட்டுக்குப் போகாமல் முளைக்குப் போகிறது. நட்டுக்கு மேல் ஒரு பூட்டு நட்டும் வந்தது. லேத்துக்காரர் பழக்கத்தினால் கூலி வாங்கவில்லை. அவருக்கு ஒரு பெஞ்சு செய்துகொடுத்தேன். பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் 40 வோல்ட் முனைக்கு மாறினேன். 4 ஆம்பியர்தான் ஓடுகிறது, ஏழு விநாடி ஆகிறது. 10க்குள் இருக்கிறது, நட்டுக்கோடு அசையவில்லை. இதுவரை 60 முறைக்கு மேல் நிறுத்தியாகிவிட்டது; கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது.

இந்த பிரேக் கை பட்டபிறகு உதவாது. ஏழு விநாடியில் பிளேடு நூற்றைம்பது சுற்றுக்குக் குறையாமல் சுற்றிவிடும். ஓய்ந்துகொண்டிருக்கும் பிளேடின் பக்கம் கை போகாமல் இருக்க மட்டுமே அது. இன்னொன்றும் உண்டு: மின்சாரம் போய்விட்டால் டி.சி.யும் இல்லை, அப்போது பழையபடி 27 விநாடிதான். மேசையில் வெள்ளைப் பெயின்ட்டில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

மூடி

மூடியை நான் கடைசியாகச் செய்தேன். மூத்த ஆசாரியைக் கேட்காமல் செய்தேன். இரண்டும் தவறு. 4 மி.மீ. அக்ரிலிக்கில் பெட்டி மாதிரி ஒட்டி, 500 ரூபாய் போட்டு, தளத்தின் பின்மூலையிலிருந்து ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு சிறு துண்டு தெறித்து அதில் பட்டது. அக்ரிலிக் மூன்றாகப் பிளந்தது. ஒவ்வொரு துண்டும் கத்தி போன்ற விளிம்போடு கிடந்தது. அந்த இடத்துக்கு 5 மி.மீ. பாலிகார்பனேட் வாங்கினேன், துண்டுக் கணக்கில் 700. சுத்தியலால் அடித்தால்கூட பள்ளம் விழுகிறதே தவிர உடையவில்லை. ஒட்டாமல் சிறு போல்ட் போட்டு இணைத்தேன். இதைத் தின்னரால் துடைக்கக் கூடாது. ஒருமுறை துடைத்த இடம் பால் மாதிரி மங்கி, நுண்வெடிப்பு விட்டது. சோப்புத் தண்ணீர் போதும்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மூடி மேலே கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

“மாமா, ஏன் கட்டிவிட்டீர்கள்?”

“கோடு தெரியவில்லை தம்பி. கோடு தெரியாவிட்டால் ஆள் குனிவான், கையும் கூடவே போகும். திறந்து கிடப்பதைவிட அது ஆபத்து.”

அவர் சொன்னது முழு உண்மை. அன்று அவரையே பக்கத்தில் உட்காரவைத்து மாற்றினோம். முன்முகத்தில் பிளேடுக்கு நேராக ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அகலத்துக்கு வாய் திறந்தோம். தளத்தில் பிளேடு வெளிவரும் வாய்ப்பலகையில் வெட்டுக்கோட்டை முன்னால் நீட்டிச் சிவப்பில் வரைந்தோம். உள்ளே 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை ஒன்று, 180 ரூபாய். முன்பக்கத்தை 45 டிகிரி சரிவாக்கியதால் கட்டை வரும்போது மூடி தானே ஏறிக்கொள்கிறது. பின்னால் பழைய புல்லி ஒன்றைப் பாரமாகத் தொங்கவிட்டதில், கட்டையின் மேல் விழும் எடை 400 கிராமுக்குக் குறைந்துவிட்டது. அதன்பின் யாரும் கட்டிவைக்கவில்லை. ஓர் அங்குலத்துக்கும் குறைவான ரீப்பர் எடுக்கும்போது மட்டும் தள்ளுகட்டை நுழைய மூடி இடம் தருவதில்லை. அந்த வேலைக்கு அதை ஒதுக்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அடுத்த மூடியை இரண்டு அங்குல அகலத்துக்குள் செய்து பார்க்கப்போகிறேன்.

தள்ளுகட்டைகள் நான்கு, 12 மி.மீ. பிளைவுட் கழிவில் வெட்டியவை. பின்னால் குதிகால் போன்ற படி, மேலே கைப்பிடி. ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டி கைடின் மேலேயே நிறுத்திவைத்திருக்கிறோம். சுவரில் மாட்டியிருந்தபோது யாரும் எடுக்கவில்லை. கைக்கு நேரே வந்ததும் எல்லோரும் எடுக்கிறார்கள்.

செலவு மொத்தம்: ஆப்புத் தகட்டுக்கு வீணான மென்னிரும்போடும் வெல்டிங் கூலியோடும் சேர்த்து 980. ஸ்டார்ட்டருக்கு 3,570. பிரேக்குக்கு இரண்டு ரெக்டிஃபையரும் மின்பணியாளரின் இன்னொரு நாள் கூலியும் சேர்த்து 4,820. மூடிக்கு 2,420. டயல் கேஜ் 1,700. ஆக 13,490 ரூபாய். அதில் என் தவறுகளுக்குப் போனது 960. இளையவனின் மருத்துவச் செலவும் ஆறு வாரச் சம்பளமும் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

பணம் குறைவாக இருக்கிறவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். கைடை நேர்செய்வதும் தள்ளுகட்டையும் இன்றே, செலவில்லாமல். ஆப்புத் தகடு இந்த வாரம், பழைய பிளேடில், அறுநூறு எழுநூறு ரூபாய்க்குள். ஸ்டார்ட்டர் அடுத்த மாதச் சம்பளத்தில். மூடி அதற்குப் பின். பிரேக் கடைசி, தண்டின் நட்டைப் பூட்டாமல் அதைத் தொடவே வேண்டாம்.

இளையவன் வேலைக்குத் திரும்பினான். முதல் இரண்டு வாரம் ரம்பத்தின் பக்கம் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. போன வாரம் அவனாகவே வந்து, எஃகு அளவுகோலை எடுத்துத் தகட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்துப் பார்த்துவிட்டு, “அஞ்சு இருக்கிறது அண்ணாச்சி” என்றான். இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதை அளப்பதும் நட்டுக்கோட்டைப் பார்ப்பதும் அவன் பொறுப்பு. தகட்டின் அட்டை மாதிரி பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருவர் அதை வைத்து வரைந்துகொண்டு போனார்கள். உங்கள் பிளேடின் பல் அகலத்தையும் தட்டின் தடிமனையும் வெர்னியரில் அளந்துகொண்டு வந்தால் நீங்களும் வரைந்துகொள்ளலாம்.